மார்க் குறைகிறதா? முதலில் கண்ணைப் பாருங்கள்!

"அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் படிச்சான் சார். ஆறாவது போனதுலேர்ந்து என்ன ஆச்சோ தெரியலை..."

இந்தப் புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயேகூட கேட்டிருக்கலாம். உடனே நாம் என்ன செய்கிறோம்? டி.வி.க்குத் தடை. செல்போன் பீரோவுக்குள் போகும். ரெண்டு டியூஷன் இருந்தால் மூணாவதாக ஒன்று சேரும். அப்பவும் மார்க் ஏறவில்லையா? 'மக்கு' என்று ஒரு பட்டம்!

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பாடம் கனமாவது உண்மைதான். ஆனால், நாம் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே டீச்சர் நாள் முழுக்கக் கூட இருப்பார். பிள்ளை கண்ணைச் சுருக்கினாலும், தூங்கி வழிந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாவதிலிருந்து பீரியடுக்கு ஒருவர் வருகிறார். கணக்கு வாத்தியார் 'கணக்கிலே வீக்' என்கிறார். சயின்ஸ் டீச்சர் 'கவனம் பத்தாது' என்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து, முழுப் பிள்ளையையும் பார்ப்பது யார்?

அதனால்தான் சொல்கிறேன். மார்க்கை உயர்த்த நினைக்கிற பள்ளிக்கூடம், ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதற்கு முன்னால் பிள்ளையின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

முதலில் கண். கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தலைகாட்டும். அந்தப் பிள்ளைக்குக் கையிலிருக்கும் புத்தகம் பளிச்சென்று தெரியும். கரும்பலகைதான் மங்கலாக இருக்கும். வீட்டில் உங்களுக்குச் சந்தேகமே வராது. 'எனக்குத் தெரியலை' என்று பிள்ளையும் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்!

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மூன்று முதல் ஏழாம் வகுப்பு வரை படித்த 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஒரே வருஷத்தில் வாசிப்பு மதிப்பெண் கூடியிருந்தது. அதுவும், கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். ஆனால், இரண்டாவது வருஷம் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. கண்ணாடி உடைந்தோ, தொலைந்தோ போனது காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. தினமும் போட்டுக்கொள்கிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்தது ரத்தம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 பேருக்கு! மளமளவென்று வளர்கிற வயது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கும் ஆரம்பிக்கிற வயது. இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு வரும், கவனம் சிதறும். நாமோ 'சோம்பேறி' என்று திட்டுகிறோம். இதற்காகவே, 10 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுத்தால் அது ஜன்னல் வழியே போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னாலேயே விழுங்கினால்தான் வயிற்றுக்குப் போகும். உங்கள் பிள்ளை தனியார் பள்ளியா? டாக்டரிடம் காட்டி, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது தூக்கம். 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 13-க்கு மேல் குறைந்தது 8 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்கவியல் நிபுணர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2022 முதல் சட்டமே வந்துவிட்டது. இங்கே? ராத்திரி ஒன்பது வரை டியூஷன், பதினொரு மணி வரை ஹோம் ஒர்க், காலை ஐந்தரைக்கு அலாரம். வேன் ஹாரன் அடிக்கும்போது ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைக்கு, முதல் பீரியடில் அல்ஜீப்ரா எப்படி ஏறும்?

"உடம்பைப் பார்க்கிறது பெத்தவங்க வேலைதானே" என்று பள்ளி நிர்வாகம் சொல்லலாம். ஆனால், கரும்பலகை இருப்பது பள்ளியில்தானே! ஜூன் மாதமே கண் பரிசோதனை, மாதாமாதம் இடம் மாற்றி உட்கார வைப்பது, அடிக்கடி லீவு போடுகிற பிள்ளையைக் கூப்பிட்டுக் காரணம் விசாரிப்பது, பெண் பிள்ளைகளுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள சுத்தமான கழிப்பறை... இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. வகுப்பாசிரியர் ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.

கண்ணாடியும் மாத்திரையும் கணக்குச் சொல்லித் தராதுதான். விட்டுப்போன பாடத்தை ஆசிரியர்தான் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும். ஆனால், அவர் எழுதுவது தெரிய வேண்டாமா? அவர் சொல்வதைக் கேட்கத் தெம்பு வேண்டாமா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், 'எத்தனையாவது ரேங்க்?' என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "என் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சிலேர்ந்து போர்டு தெரியுதா டீச்சர்?"