ஆரஞ்சு தொப்பியைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள்

ஐ.பி.எல். வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேரன், பேத்தி, மருமகன், தம்பி பிள்ளைகள் என்று எட்டுப் பேர் சேர்ந்து கற்பனை அணி அமைப்போம். காசு கிடையாது. (காசு வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது, நல்ல காரியம்.) முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களை எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தவர் மற்றவருக்குக் கிடையாது. அணிக்கு ஒரு விக்கெட் கீப்பர் கட்டாயம்.

எல்லோரும் என்ன செய்கிறார்கள்? ரன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே டிக் அடிக்கிறார்கள். காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர்களும் "அதிக ரன் அடிச்சவன்தானே பெரிய ஆளு?" என்கிறார்கள். பெரிய ஆள்தான். ஆனால் முதலில் எடுக்க வேண்டிய ஆள் அவர்தானா?

2025 கணக்கையே பாருங்கள். மிட்செல் மார்ஷ் 627 ரன். கீப்பர் பட்லர் 538. பட்டியல்படி மார்ஷை எடுத்துவிட்டீர்கள். உங்கள் முறை மறுபடி வருவதற்குள் நல்ல கீப்பர்கள் போய்விட்டார்கள், ரிஷப் பந்த்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடித்தது 269. மொத்தம் 896.

மாறாக, முதலில் பட்லர். அடுத்த முறை மார்ஷ் இல்லை. ஜெய்ஸ்வால் இருக்கிறார், 559. மொத்தம் 1097. ஒரே இடத்தில் வரிசையை மாற்றியதற்கு 201 ரன் லாபம்!

காரணம் எளிது. மார்ஷ் போனால் ஜெய்ஸ்வால். நஷ்டம் 68 ரன்தான். பட்லர் போனால் நஷ்டம் 269. ஒருவரின் மதிப்பு அவர் அடித்த ரன்னில் மட்டும் இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு யார் கிடைப்பார் என்பதில் இருக்கிறது.

"முடிந்த சீசனுக்கு யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம் தாத்தா" என்கிறான் பேரன். எண்கள் மாறும், முறை மாறாதே! சீசனுக்கு முன்பும் ஏதோ ஒரு எதிர்பார்ப்பில்தானே எடுக்கிறோம்? அதை இடவாரியாக எழுது. தொடக்க ஆட்டக்காரர், கீப்பர், பந்துவீச்சாளர் என்று தனித்தனி வரிசை. ஒவ்வொன்றிலும் முதல் ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் எங்கே பள்ளம் அதிகமோ, அங்கே முதலில் கை வை.

2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் லக்னோ அணி அதே பந்த்துக்கு 27 கோடி கொடுத்தது. ரன்னை மட்டும் பார்த்தா கொடுத்தார்கள்? இந்தியக் கீப்பர், அதிரடி ஆட்டம், தலைமை மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. அந்த வருடம் அவர் சோபிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் கிளார்க் ஒருவர் லீவு போட்டால் பக்கத்து சீட்காரர் பார்த்துக்கொள்வார். ஹெட் கேஷியர் வராவிட்டால் பெட்டகச் சாவிக்கே தவிக்க வேண்டும். அவர் எத்தனை வவுச்சர் எழுதினார் என்று எண்ணியா அவருக்கு மதிப்புப் போட்டோம்?

அடுத்த சீசனுக்குப் பட்டியல் எழுதும்போது தொப்பியை ஓரமாக வையுங்கள். காலியான இடத்தைப் பாருங்கள்.