உரிமைச் சாவியை யார் பொருத்துவது?

மென்பொருளொன்றை விலை கொடுத்து வாங்குவோர்க்கு, அதற்கு அத்தாட்சியாகச் சிறு கோப்பொன்று மின்னஞ்சலில் வருதல் உண்டு. அதனை லைஸென்ஸ் சாவிக் கோப்பு என்பர். வாங்கினோர் பெயர் முதலியனவும், அவற்றின்மேல் விற்றோர் இட்ட கணித முத்திரையும் பெரும்பாலும் அதனுள் அடங்கும். முத்திரையிடும் இரகசிய எண் விற்றோரிடத்தும், அதனைச் சரிபார்க்கும் எண் மென்பொருளினுள்ளும் இருத்தலின், பெயரில் ஓரெழுத்தை மாற்றினும் முத்திரை பொருந்தாது. இவ்வேற்பாட்டில் எமக்குக் குறையொன்றும் இல்லை. ஆயின், அக்கோப்பை உரிய இடத்தில் வைக்கும் பாரத்தை வாங்கினோர் தலையில் ஏற்றுவது முறையன்று என்பதே எம் கருத்து.

"மென்பொருள் உள்ள கோப்புறையில் இதனை இடுக" என்று ஒரு வரி எழுதிவிடுதல் எளிது. செய்து பார்ப்போர் படும் பாடு வேறு. 2007-ஆம் ஆண்டில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறையில் எழுதுதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். கல்லூரிக் கணினிக்கூடத்தில் அமரும் மாணாக்கனுக்கு அஃது எங்ஙனம் கிட்டும்? அன்றியும், கோப்புப் பெயரின் ஈற்றை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். சாவியின் வாசகத்தை நோட்பேடில் ஒட்டி 'லைஸென்ஸ்.லிக்' என்று சேமித்தால், அதன் வாலில் '.டிஎக்ஸ்டி' தானே ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுக்கோ இட்ட பெயரே தோன்றும். மென்பொருள் "சாவி இல்லை" என்று சாதிக்க, வாங்கினோர் தம் அறியாமையையே நொந்துகொள்வர். திருட்டுப் பிரதி வைத்திருப்போனுக்கு இத்தொல்லை யாதும் இல்லை என்று எண்ணும்போதுதான் எமக்குச் சினம் மூள்கின்றது.

இது தவிர்க்கவொண்ணாத தொல்லையும் அன்று. ஸ்விட்ஸர்லாந்தில் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993 முதல் வெளியிட்டுவரும் டோட்டல் கமாண்டரைக் காண்க. சாவியில்லாதோரை அது துவக்கத்திலேயே நிறுத்தி, எண்ணிட்ட மூன்று பொத்தான்களுள் தான் குறிப்பதை அழுத்தச் சொல்லும். (அந்த நச்சரிப்பு நியாயமானதே.) ஆனால் சாவி அடங்கிய ஜிப் பொட்டலத்தை அதனுள்ளேயே திறப்பின், சாவியை நிறுவ அதுவே முன்வரும், பின்னர் வாங்கினோர் பெயரைத் தன் சாளரத்தின் தலையில் தாங்கி நிற்கும்.

நம் மாணாக்கருள் மென்பொருள் இயற்றப் புகுவோரை யாம் வேண்டுவது இதுவே. சாவிக் கோப்பைச் சொடுக்கிய அளவில் உங்கள் மென்பொருள் திறந்து, அதனை ஏற்று, பயனர்க்குரிய 'ஆப்டேட்டா' கோப்புறையில் தானே வைத்துக்கொள்ளட்டும். புதிய பதிப்பு நிறுவப்படினும் அதனை இழவாதிருக்கட்டும். ஏற்கவியலாதாயின், எவ்விடத்தில் தேடிற்று, முத்திரை பிழைத்ததோ, காலம் கடந்ததோ என்று விளங்கச் சொல்லட்டும்.