சான்றிதழுக்குச் சங்கம் கட்டத் தெரியாது

நம் நாட்டில் இளம் தொழிலாளர்களுக்கு இரண்டு வகைப் பயிற்சிகள் நடக்கின்றன. ஒன்று தன்முனைப்பு முகாம். நீ முன்னேறவில்லை என்றால் குறை உன்னிடம்தான் என்று அது சொல்லித் தருகிறது. இன்னொன்று தொழிற்சங்கப் பட்டறை. குறை உன்னிடம் இல்லை என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாடு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறது. எதற்குப் போனாலும் திங்கட்கிழமை அவன் அதே மெஷின் முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறான்.

முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. அது வியாபாரம். சண்டையெல்லாம் இரண்டாவதோடுதான்.

சங்கத்துப் பெரியவர்கள் எப்போதும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "இந்தக் காலத்துப் பசங்க வரமாட்டேங்குறாங்க." எப்படி வருவான்? பட்டறை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நகரத்து ஹோட்டலில். பன்னிரண்டு மணி நேர நைட் ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வெளியே வருபவன் அங்கே போவானா, தூங்குவானா? கடைசியில் நாற்காலியை நிரப்புவது ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களும் கம்பெனியே விடுப்புக் கொடுத்து அனுப்பியவர்களும்தான்.

இப்படி இரண்டு பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தையும் 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தையும் பிரிவு பிரிவாக வாசித்தார்கள். தகவலில் தப்பே கிடையாது. பக்கத்தில் இருந்த பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா மானேஜருக்குத் தெரிஞ்சிடுமா?" அதற்கு ஸ்லைடு இல்லை. கேள்வி நேரத்தில் பார்க்கலாம் என்றார்கள். கேள்வி நேரத்தில் குழுப்படம் எடுத்தார்கள்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1967 சட்டம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் பயம் சட்டப்பிரிவைப் படித்துக் காட்டினால் போகிற சாமான் இல்லை. தனியாகக் கையெழுத்துப் போடும்போது நடுங்குகிற கை, லைனில் இருக்கும் முப்பது பேரும் ஒரே வாரத்தில் போட்டால் நடுங்காது. அந்த முப்பது பேரிடம் எந்த வரிசையில் பேசுவது, யாரை முதலில் பிடிப்பது, சூப்பர்வைசர் காதில் விழாமல் எங்கே உட்காருவது என்பதுதான் பயிற்சி. மிச்சத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொல்லியது இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். இறங்கி நின்று கூனிக் குறுகியவனிடம் உட்கார்ந்து பேசாமல் இப்படி ஒரு வரியை எழுதவே முடியாது. நாதனை நாடு கடத்தினார்கள், தொழிலாளர்களைச் சுட்டார்கள். எட்டு வருடம் கழித்து, 1949 மே 4-ஆம் தேதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியைத் தூக்கில் போட்டார்கள். நாம் மே மாதம் வந்தால் கணபதியின் படத்தைப் பகிர்கிறோம். அவர் செய்த வேலையை யாரும் பகிர்ந்துகொள்ளக் காணோம்.

இன்றைய சைக்கிள் எது என்று கேளுங்கள். கழிவறைக்குப் போக அட்டை வாங்கணும். ஓவர்டைம் வேண்டாம் என்றால் அடுத்த மாதம் பெயர் இருக்காது. எங்களைப் போன்ற பட்டதாரிகளுக்கு வேறு வகைச் சைக்கிள். என் நியமனக் கடிதத்தில் 'எக்சிகியூட்டிவ்' என்று இருக்கிறது. எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. அந்த ஒரு சொல் போதும், சங்கம் உனக்கில்லை என்று சொல்ல. செய்யும் வேலையை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும், பட்டத்தை வைத்து இல்லை. இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகவே பட்டறையைச் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். மாதம் 2,080 வெள்ளி அடிப்படைச் சம்பளமா? 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 80. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 10. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 15. ஓய்வு நாளில் 20, பொது விடுமுறையில் 30. இப்போது சீட்டைப் பார். 12 என்று போட்டிருக்கிறதா? பக்கத்தில் இருப்பவன் சீட்டையும் பார். அவனுக்கும் அதே 12-ஆ? சங்கம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அதைத் தமிழில் மட்டும் நடத்தினால் போதாது. லைனில் மலாய்க்காரர் இருக்கிறார், நேப்பாளி இருக்கிறார், வங்காளதேசி இருக்கிறார். "நம்ம பசங்க" என்று நாம் மட்டும் கூடினால் மிச்சப் பேரை மானேஜர் கூட்டிக்கொள்வார்.

இதற்கு இப்போது என்ன அவசரம்? 2024 செப்டம்பர் 15 முதல் திருத்தப்பட்ட தொழிற்சங்கச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் வரலாம். நமக்குத் திறந்த கதவு முதலாளிக்கும் திறந்திருக்கிறது. சங்கம் பதிய ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரை நாம் தேடாவிட்டால் அவர் தேடிக்கொள்வார்.

இலக்கியம் படிக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. பால்மரத்தையும் லயத்தையும் பற்றி எத்தனை கதை படித்துக் கண் கலங்கியிருப்போம். அந்த லயத்துப் பேரப்பிள்ளைதான் இன்று சிப் தொழிற்சாலையில் நிற்கிறான். அவனுக்குக் கதை எழுதுவதற்கு முன்னால் ஒரு சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டலாம். ஹோட்டல் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தாமான் மண்டபத்தையோ மாமாக் கடையில் நாலு நாற்காலியையோ பிடியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டாம். வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் இன்னொருவரைக் கூட்டி வந்தார்கள் என்று எண்ணுங்கள்.