நாங்க நடந்து வந்தவங்க!

ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் வந்து "நான் மலையாளிண்ணே"ன்னு சொன்னா, அடுத்த செகண்டே "கேரளாவுல எந்த ஊருடா? ஓணத்துக்கு லீவா?"ன்னு ஆரம்பிச்சுடுவீங்கதானே? கொஞ்சம் பொறுங்க பாஸ்! பையன் நாமக்கல் மாவட்டமா இருக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற கொல்லிமலையில பெரும்பாலான ஜனங்களுக்கு 'மலையாளி'னுதான் பேரு. மலையை ஆள்றவங்க! பேசுறது தமிழ். மம்மூட்டிக்கும் அவங்களுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

இந்த வாரம் அவங்க கதை. கூடவே, எகிப்துல இருந்து கிளம்பின இஸ்ரவேலர் கதையும். இது என்ன கூட்டணின்னு கேக்குறீங்களா? ரெண்டு பேருமே "நாங்க இந்த ஊர்ல முளைச்சவங்க இல்ல, நடந்து வந்தவங்க"ன்னு சொல்லிக்கிறவங்க.

மோசே பின்னாடி அடிமைகள் கிளம்பினது, கடல் பிளந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் மேட்டர். பகல்ல மேகத்தூண், ராத்திரியில நெருப்புத்தூண் வழிகாட்டுது. அந்தக் கால ஜி.பி.எஸ்! ஒழுங்கா நடந்தா சில வாரத்துல கானான் வந்துடும். ஆனா ஆனது 40 வருஷம். வேவு பார்க்கப் போன 12 பேர்ல 10 பேர், "அங்க இருக்கறவங்க ராட்சசங்க மாதிரி இருக்காங்க, நம்மால ஆகாது"ன்னு பீதியைக் கிளப்ப, மொத்தக் கூட்டமும் ஜகா வாங்கிடுச்சு. கிளம்பி வந்த தலைமுறை பாலைவனத்துலயே முடியட்டும்னு கடவுள் தீர்ப்பு சொல்லிட்டார்.

எனக்குப் பிடிச்ச சீன் சாப்பாட்டு சீன்தான். தினமும் காலையில மன்னா. 'இது என்ன?'ன்னு ஜனங்க கேட்டதே அதுக்குப் பேராகிடுச்சாம்! நம்ம மெஸ்ல தினமும் கேக்குற அதே கேள்வி. கொஞ்ச நாள்ல போர் அடிச்சு, "எகிப்துல மீன் சாப்பிட்டோமே, வெள்ளரிக்கா, வெங்காயம், பூண்டு எல்லாம் இருந்துச்சே"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அடிமையா கிடந்த ஊரோட பூண்டுக்கு ஏங்குற கூட்டம்! தன் முன்னோரைப் பத்தி இப்படியும் எழுதி வெச்சிருக்காங்களே, அந்த நேர்மைக்கே ஒரு சல்யூட்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனோட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' புத்தகத்துல மலையாளிகள் சொன்ன கதை பதிவாகியிருக்கு. கரிராமன்னு ஒரு சாமி. காஞ்சிபுரத்துல அவருக்கு இருப்பு சரிப்படல. மூட்டை கட்டிட்டார்! பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பக்தர்கள் குடும்பத்தோட பின்னாலேயே கிளம்பி சேலம் சீமைக்கு வந்து, ஆளுக்கொரு திசையில பிரிஞ்சாங்க. பெரியவர் போனது ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலைக்கு. மத்த ரெண்டு பேர்ல கொல்லிமலை யாருக்கு, பச்சைமலை யாருக்குங்கறது சொல்ற ஆளைப் பொறுத்து மாறும். தென்னாட்டுல முஸ்லிம் ஆட்சி நடந்தப்ப, பத்துத் தலைமுறைக்கு முன்னாடி வந்தோம்னும் ஒரு கதை அதே புத்தகத்துல இருக்கு.

ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா? அங்கே கடவுள் கூப்பிடக் கூப்பிட ஜனங்க முரண்டு பிடிக்கிறாங்க. இங்கே சாமி முதல்ல கிளம்பிடுறார், ஜனங்க "சாமி, நில்லுங்க"ன்னு பின்னாடி ஓடுறாங்க!

சரி, நிஜமா நடந்ததா? ஆறு லட்சம் ஆம்பிளைங்க நடந்தாங்கன்னு பைபிள் சொல்லுது. சீனாய்ல தோண்டிப் பார்த்தவங்களுக்கு அவ்வளவு பெரிய கூட்டத்தோட தடயம் கிடைக்கல. பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல்ங்கற பேர் வர்ற மிகப் பழைய ஆதாரம், கி.மு. 1208 வாக்குல எகிப்து மன்னன் மெர்னெப்தா வெட்டின கல்வெட்டு. அதுல அவங்க ஏற்கெனவே கானான்ல இருக்காங்க. காஞ்சிக் கதையும் வாய்வழியா வந்ததுதான். கானான் மாதிரியே கொல்லியும் காலி மலையா இருந்ததில்லை. சங்க காலத்துலேயே வல்வில் ஓரி ஆண்ட இடம். திருக்கோவலூர் காரி அவனைக் கொன்னு, மலையை சேரனுக்குக் கொடுத்தான்.

ஆனா இந்தக் கதைக்கு வேலை இருக்கு. ஏற்காட்டுக்காரரும் கொல்லிமலைக்காரரும் பச்சைமலைக்காரரும் அண்ணன் தம்பிகள்னு அதுதான் சொல்லுது. யூதர்கள் வருஷா வருஷம் பஸ்காவுக்கு உக்கார்ந்து அதே பயணத்தைப் பேசுற மாதிரி.

வம்பு எங்கே வருதுன்னா, அட்மிஷன் க்யூவுல. "காஞ்சியில இருந்து வந்தவங்கன்னா அப்புறம் எப்படி எஸ்.டி.?"ன்னு ஒரு புத்திசாலி கேப்பார். 1965-ல் லோக்கூர் கமிட்டி பழங்குடிக்குச் சொன்ன அடையாளங்களைப் பாருங்க பாஸ். தனிப் பண்பாடு, ஒதுங்கின வாழ்விடம், வெளியாட்களோட பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை, தொன்மையான வாழ்க்கை முறை. 'உங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்?'ங்கற கேள்வியே அதுல இல்ல. எத்தனையோ தலைமுறை மலையில கிடந்து பாடுபட்டதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

அரசுப் பட்டியல்ல மலையாளிங்கற பேருக்குப் பக்கத்துலயே தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சின்னு மாவட்டங்களையும் போட்டிருக்காங்க. நாமக்கல் 1997-ல் சேலத்துல இருந்து பிரிஞ்சதால கொல்லிமலைக்குப் பிரச்னையில்ல. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலயும் மலையாளிகள் இருக்காங்க. ஆனா ஈரோடு பழைய கோயமுத்தூர்ல இருந்து பிரிஞ்சது. கோயமுத்தூர் அந்தப் பட்டியல்ல இல்ல. எங்களையும் சேருங்கன்னு அவங்க வருஷக்கணக்கா மனு கொடுத்துட்டு இருக்காங்க.