'கொரோனா பாஸ்' என்று இனி யாரையும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பாஸ்கெட்பாலில் ஆரம்பித்து நம் ஊர்ப் பிள்ளை ஒருவனிடம் வந்து முடியும்.

போன வாரம் பொன்னேரியில் ஒரு கல்யாணம். பழவேற்காட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் போயிருந்தோம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் நாலைந்து பையன்கள் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்க பாஸ்கெட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் அக்கா பேரன். சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு அந்த விளையாட்டு என்றால் உயிர். "தாத்தா, 2020-ல லேக்கர்ஸ் ஜெயிச்சதெல்லாம் ஒரு கப்பே இல்ல. அது கொரோனா கப்" என்று எனக்கு விளக்கினான். உடனே இன்னொருவன் பக்கத்தில் இருந்த பையனைக் காட்டி, "இவன் மாதிரி. இவன் கொரோனா பாஸ்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பையன் பந்தியில் உட்காரவில்லை. திரும்பும்போது வேனிலும் இல்லை. பஸ் பிடித்துப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவன், ஒரு பிள்ளையைப் பார்த்துச் சபையில் சிரித்துவிட்டேனே என்று இருந்தது. அந்த உறுத்தலில்தான் இந்த 'கொரோனா கப்' விஷயத்தைக் கொஞ்சம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் என்பிஏ லீக் 2020 மார்ச் 11 அன்று பாதியில் நின்றது. உட்டா அணியின் வீரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் அன்றைய ஆட்டமே நடக்கவில்லை. நாலரை மாதம் கழித்து ஜூலை 30-ல் மறுபடி தொடங்கினார்கள். ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் வீரர்களை வெளியுலகத் தொடர்பில்லாமல் தங்கவைத்து, பார்வையாளர்கள் இல்லாமல் நடத்தினார்கள். 30 அணிகளில் 22-ஐ மட்டுமே அழைத்தார்கள். மீதி 8 அணிகளுக்கு அந்த வருடம் அதோடு முடிந்தது. அக்டோபர் 11-ல் மியாமியை 4-2 என்று வென்று லேக்கர்ஸ் கோப்பை வாங்கியது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து அடைபட்டுக் கிடந்து வாங்கிய கோப்பை அது. அதைத்தான் கப்பே இல்லை என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் வேறு கதை. அங்கே ஐந்து ஆட்ட இறுதிச் சுற்றில் பெர்த் அணி 2-1 என்று முன்னால் இருந்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி சிட்னி அணி விலகிக்கொண்டது. கோப்பை பெர்த்துக்குப் போனது. இத்தாலியில் பாஸ்கெட்பால் லீக்கை அப்படியே முடித்துவிட்டார்கள். அந்த வருடம் அங்கே சாம்பியனே கிடையாது.

நம் நாட்டில் என்ன நடந்தது? பாஸ்கெட்பாலில் அப்போது நமக்கு அந்த அளவு லீக் இல்லை. கால்பந்தில் இருந்தது. ஐ-லீக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-19-ல் நம்ம சென்னை சிட்டி அணி, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு விளையாடி, ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஜெயித்ததே, அதே லீக். அதற்கு அடுத்த சீசன் 2020 மார்ச் நடுவில் நின்றது. இன்னும் 28 ஆட்டங்கள் மீதி.

அப்போது மோகன் பகான் 16 ஆட்டங்களில் 39 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது. மார்ச் 10 அன்று ஐஸால் அணியை வென்றபோதே அவர்களை வேறு யாரும் எட்ட முடியாது என்று ஆகிவிட்டது. ஏப்ரலில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கூடி முடிவெடுத்தது. மோகன் பகான் சாம்பியன். மற்ற பரிசுப் பணத்தை மீதிப் பத்து அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. எந்த அணியையும் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவதில்லை.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சரியான தீர்ப்பு! ஏற்கெனவே சந்தேகமில்லாமல் ஜெயித்தவனுக்கு அவன் சம்பாதித்ததைக் கொடுத்தார்கள். மற்றவர்களில் யாரையும் "நீ இத்தனையாவது இடம், உனக்கு இவ்வளவுதான்" என்று தரம் பிரிக்கவில்லை. கடைசி நாலு ஆட்டத்தில் எழுந்துவிடலாம் என்று காத்திருந்த அணிக்கு, விளையாடாத ஆட்டத்துக்காகத் தண்டனை இல்லை. கீழ்ப் பிரிவிலிருந்து மேலே வரவேண்டிய அணிகளையும் மறக்கவில்லை. அக்டோபரில் கொல்கத்தாவில் அவர்களுக்காக ஒரு சின்னப் போட்டி நடத்தினார்கள். அதில் ஜெயித்து முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே வந்தது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருகிறேன்.

அதே 2020-ல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் 27-ல் தொடங்க வேண்டியது. ஊரடங்கு வந்தது. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். கடைசியில் ஜூன் 9 அன்று தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அப்போதைய முதல்வர் அறிவித்தார். சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். தேர்வை ரத்து செய்தது சரியான முடிவு. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

என் மனவருத்தம் மதிப்பெண் போட்ட விதத்தில். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மார்க் பட்டியல் கொடுத்தார்கள். அவசரத்தில் எடுத்த முடிவு, வேறு வழி தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கணக்கு நம் ஏரிக்கரைப் பிள்ளைகளை எப்படி அடித்தது என்று பாருங்கள்.

உங்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் புது வெள்ளம் ஏரிக்குள் வந்து, முகத்துவாரம் திறந்து, இறால் ஓடும் நாளில் எத்தனை வீட்டில் பையனைப் பள்ளிக்கு அனுப்புவார்கள்? உங்களில் பலர் அப்படி லீவு போட்டவர்கள்தான். நானே வீடு வீடாக வந்து கூப்பிட்டிருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், அந்த மழை நாளை ஒட்டியே வரும். அதில் நம் பிள்ளைகள் மார்க் இறங்கும். பொங்கல் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் மூச்சைப் பிடித்துப் படித்துப் பொதுத் தேர்வில் ஏறிவிடுவார்கள். நான் பார்த்தவரை எத்தனையோ வருடம் நம் ஊர்ப் பிள்ளைகளின் ஓட்டம் அப்படித்தான். கடைசி ரவுண்டில் எழுந்து வருகிறவர்கள் அவர்கள். 2020-ல் அந்தக் கடைசி ரவுண்டு நடக்கவே இல்லை. டிசம்பரில் எந்தப் படியில் நின்றார்களோ அந்தப் படியிலேயே எழுதி முத்திரை குத்தியாகிவிட்டது. அப்பாவோடு ஏரிக்குப் போன நாளெல்லாம் வருகைப் பதிவில் வேறு குறைந்தது.

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். வலை பார்த்துக்கொண்டிருந்தான். "சிரிச்சது என் தப்புப்பா" என்றேன். "அய்யய்யோ, என்ன சார் நீங்க" என்று எழுந்து நாற்காலி போட்டான். அவன் அம்மா டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவனே உள்ளே போய் மார்க் பட்டியலை எடுத்து வந்து காட்டினான். 271. "ரிவிஷன் டெஸ்ட்ல 380 சார். அந்தப் பேப்பரையும் வெச்சிருக்கேன்" என்றான். பழைய விடைத்தாளை ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குப் போனபோது, பட்டியலைப் பார்த்தவர் வருடத்தைப் படித்துவிட்டு, "ஓ, அந்த பேட்சா?" என்று மூடி வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் கல்யாண வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

"அப்படியானால் படித்தவனும் படிக்காதவனும் ஒன்றா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆசிரியனாக இருந்தவன், மறைக்காமல் சொல்கிறேன். எல்லோரும் பாஸ் என்றதால் எல்லோருக்கும் பாடம் வந்துவிடவில்லை. பள்ளி மூடிக் கிடந்த நாட்களில் நம் குப்பங்களில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் எத்தனை? ஆன்லைன் வகுப்பு யாருக்குக் கிடைத்தது? ஏரிக்குப் போன பிள்ளைகளில் சிலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. எழுத்துக் கூட்டத் தடுமாறிய சின்னப் பிள்ளைகளை நானே பார்த்தேன். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது என் தெருவில் ஒரு பெண் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். விட்டுப்போன ஆட்டத்தை ஆடி முடிக்க வைப்பது என்றால் அதுதான். குறையை அப்படித்தான் அடைக்க வேண்டும். கேலி பேசி எந்தக் குறையும் அடைபடாது.

இன்னொன்றையும் கேலி செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2020-ல் பத்தாம் வகுப்பு முடித்த அதே பிள்ளைகள், பதினோராம் வகுப்பையும் தேர்வில்லாமல் கடந்தவர்கள். அதற்குப் பிறகு 2022 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வை மையத்துக்குப் போய் நேரில் எழுதினார்கள். வாழ்க்கையில் முதல் பொதுத் தேர்வே அவர்களுக்கு அதுதான். பயிற்சி ஆட்டமே இல்லாமல் நேராக இறுதி ஆட்டத்தில் இறக்கிவிட்ட மாதிரி. நம் பையன் அதில் தேறியவன். அதை யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

நம் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிமடம் ஊர்களின் பாடு முறையை நினைத்துப் பாருங்கள். வெளியூரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்று குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதில் சண்டை சச்சரவு உண்டு, எல்லோருக்கும் உரிமை கிடைப்பதில்லை என்ற குறையும் உண்டு. ஆனாலும் அதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒருவனுடைய முறை நாளில் காற்று மாறி வலை வெறுமையாக வந்தால், "அவனுக்குத் தொழில் தெரியாது" என்று கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். "இன்னிக்குப் பாடு இல்ல" என்பார்கள். காற்றின் குற்றத்தை ஆள் மேல் போடக் கூடாது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020-ல் அடித்தது எப்பேர்ப்பட்ட காற்று என்று எல்லோருக்கும் தெரியும். பிடித்த மீனை ஏற்ற வண்டி வராமல் கரையில் நின்றவர்கள் நாம்.

அதனால் என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். பாதியில் நின்ற ஆட்டத்தில் ஜெயித்தவனை மதியுங்கள், லேக்கர்ஸ் ஆனாலும் மோகன் பகான் ஆனாலும். மற்றவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதாதீர்கள். அவர்களுக்கு மீதி ஆட்டம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மாணவர்களில் சிலர் இன்று அம்பத்தூரிலும் எண்ணூரிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். 2020, 2021 என்று போட்ட பட்டியல் கைக்கு வந்தால் மூடி வைக்காதீர்கள். பத்து நிமிடம் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள், ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தேறவில்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆடவிடாமல் அனுப்பாதீர்கள்.

கல்யாண வீட்டில் இருந்த பையன்களே, உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்களோடு சேர்ந்து சிரித்தவன் நான். அவனுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போய்ச் சொல்லியாகிவிட்டது, உங்கள் முறை பாக்கி.

அந்த வருடங்களில் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் பழைய சார் என்று பார்க்காமல் திருத்துங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.