பேச்சு வேறு, புத்தி வேறு

பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பங்குகளில் இதனை மெய்யென்றே நம்பி, மகனுக்கு ஓலை வாசிக்கும்படி கேட்டு வரும் பெற்றோரும் உளர். அவர்கள் பொருட்டே இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

மேனியா என மருத்துவர் வழங்கும் மனவெழுச்சி நோய், பலரிடம் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். சிலரிடமோ ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தணியாததை நாட்பட்ட மேனியா என்பர். உறக்கம் குன்றும், பேச்சு பெருகும், கைப்பணம் கரையும். வீட்டார் மயங்குமிடம் இதுவே. மடை திறந்தாற்போல் பேசுகிறான், பத்து வருடத்துக் கதையை ஒப்பிக்கிறான். ஆகவே புத்தி முன்னிலும் கூர்மையாயிற்று என்று எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மருத்துவர் சோதித்தால் கவனம் ஒன்றில் தரிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லக் கேட்டால் பலர் தடுமாறுகின்றனர். வேலையை முறைப்படுத்துவதும், எழுந்த எண்ணத்தை அடக்குவதும், பின்விளைவை எடைபோடுவதும் தளர்கின்றன. கல்வராயன் மலையில் கடுக்காய் மூட்டையை நிறுத்துக் கணக்கை நேர் செய்யத் தெரிந்தவனும் அதே வியாபாரத்தில் முதலைத் தொலைப்பது இதனாலேதான்.

கிளர்ச்சி அடங்கிய பின்னும் மறதி சிலரிடம் எஞ்சும். நோய் பன்முறை திரும்பியவர்களிடம் அது மிகுதி. மாத்திரைதான் மந்தமாக்கிற்றென்று வீட்டார் அதை நிறுத்திவிடுகின்றனர். மாத்திரையால் மந்தம் வருவதும் உண்டு. அதற்கு அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படக் கண்ட இலித்தியத்தை, இரத்தத்தில் அளவு பார்த்தே கொடுத்தல் வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாட்கூலி போயிற்று. மலைக் குடும்பம் மருந்தை விடுவதைச் சோம்பல் என்பார் அந்தப் பாதையில் ஒருமுறை போய்வரட்டும். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் ஆலோசனையேனும் கிடைக்கும்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, புத்தியே இல்லையென முடிவு கட்டிக் கட்டிப்போடுகின்றனர். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி மூண்ட தீயில் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. நோயாளிகளின் பாதுகாவலரான அர்ச். தேவ அருளப்பரும் கிரனாதாவில் பைத்தியமென அடைக்கப்பட்டுச் சாட்டையடி பட்டவரே. அந்த அடியை அவர் மறக்கவில்லை. பின்னர் தாமே ஒரு மருத்துவமனை கண்டு நோயாளிகளைப் பேணினார்.

இனி ஓலைக்கு வருவோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1095-ஆம் விதியில், திருமணத்தின் உரிமைகளையும் கடமைகளையும் சீர்தூக்கும் தீர்மானத்திறன் பெரிதும் குன்றியவர் மணம் செய்ய இயலாதவர் என்கிறது. நோய் முற்றி நிற்கையில் மணமகன் "சம்மதம்" என்று உரக்கச் சொன்னாலும் நாம் அதனை எப்படி ஏற்பது? நிலப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதையும் அதுவரை தள்ளிவைத்தல் நலம். நோய் தணிந்தவர் மணம் செய்யலாகாதென்று நாம் சொல்லவில்லை. உறக்கம் சீர்ப்பட்டு, மருத்துவரும் சம்மதித்து, பெண் வீட்டாரும் யாவும் அறிந்த பின் வாருங்கள். மூன்று ஓலையையும் நாமே வாசிப்போம்.