110 நிமிட மருந்தும் தில்லியின் கணக்கும்

புற்றுநோய் சிகிச்சை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் வரும் எழுத்துமூலப் பதில்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். எத்தனை மருத்துவமனைகள், எத்தனை கருவிகள், எத்தனை கோடி ரூபாய் என்ற பட்டியலோடு பதில் முடிந்துவிடும். 2025 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமையும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025-26லேயே தொடங்கும் என்றும் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் அந்த மையத்தில் மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கு நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, மருந்துக்கு அது கட்டுப்படுகிறதா என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு அவர் எங்கே செல்வார்? இதற்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை.

பெட் கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நோயாளியின் உடலில் செலுத்த வேண்டிய கதிரியக்க மருந்தை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. இன்று பெரும்பாலான பெட் ஸ்கேன்களுக்குப் பயன்படுவது ஃபுளூரின்-18 ஏற்றிய ஒருவகைச் சர்க்கரை. ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். காலை 6 மணிக்கு 100 பங்காக இருக்கும் கதிரியக்கம் 7.50க்கு 50 பங்காகும், 9.40க்கு 25 பங்காகும், 11.30க்கு பன்னிரண்டரைப் பங்காகக் கரைந்திருக்கும். சென்னையில் தயாரித்து, பத்து மணி நேரச் சாலைப் பயணத்தில் நெல்லைக்குக் கொண்டு சென்றால் மிஞ்சுவது நாற்பதில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில் மும்பை கொடுத்துவைத்த நகரம். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையத்தில்தான் நிறுவப்பட்டது. நாட்டின் பெட் ஸ்கேன் வரலாறும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஒரு பக்கம் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம், மறுபக்கம் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை. செம்பூர், சுனாபட்டி, தாராவி, மாட்டுங்கா என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகள் இவற்றுக்கு இடையிலும் அருகிலும் அமைந்துள்ளன. நெல்லையிலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்து தலைமுறை கண்ட குடும்பங்கள் பல. சுனாபட்டியில் மின்சார ரயில் ஏறும் நோயாளிக்கு உள்ள இந்த அண்மை, ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு இல்லை. அண்மை இருந்தாலும் வரிசை குறைந்துவிடவில்லை. பல மாநிலங்களிலிருந்து பரேலுக்கு வந்து நடைபாதையில் தங்கியிருக்கும் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வரிசையில் காத்திருக்க முடியாதவர் தனியார் மையத்துக்குப் போனால் ஒரு ஸ்கேனுக்குப் பல ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்.

சைக்ளோட்ரான்களைப் பெருக்கினால் போதுமே என்பார்கள். கொல்கத்தாவில் 2018இல் சைக்ளோன்-30 இயங்கத் தொடங்கியது. தனியார் துறையிலும் பல வந்துவிட்டன. ஆனால் சைக்ளோட்ரான் தருவது வெறும் ஃபுளூரைடு மட்டுமே. ஆக்சிஜன்-18 செறிவூட்டிய நீரின் மீது புரோட்டான்களைப் பாய்ச்சினால் ஃபுளூரின்-18 உண்டாகும். அதை மருந்தாக்குவது வேதியியலின் வேலை, கடினமான வேலையும் அதுவே. நீரில் இருக்கும் ஃபுளூரைடைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொள்வதால் அது வேறு எதனோடும் எளிதில் சேராது. நீரைத் துரத்தி, கிரிப்டோஃபிக்ஸ் என்ற கூண்டு போன்ற மூலக்கூறினால் உடனிருக்கும் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்தால்தான் ஃபுளூரைடு துணிந்து வினையில் இறங்கும். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹமாக்கர், கோனன், ஸ்டோக்லின் ஆகியோர் 1986இல் வெளியிட்ட இந்த வழிதான் பெட் ஸ்கேனை ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1976இல் அமெரிக்காவில் இந்தச் சர்க்கரை மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டிருந்தது. எனினும் அப்போதைய முறையில் கிடைத்த அளவு சொற்பம். அதாவது, மேலும் ஓர் இயந்திரம் செய்திருக்க முடியாததை ஒரு வினைமுறை செய்தது.

சர்க்கரையோடு கதை முடியவில்லை. மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் காட்டும் ஃபுளூரின் மருந்துக்கு 2020இலும், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஒன்றுக்கு 2021இலும் அமெரிக்கா அனுமதி அளித்தது. புரத வகை மூலக்கூறுகளுக்குச் சூடும் ஆகாது, கடும் கரைப்பான்களும் ஆகாது. அதனால் ஃபுளூரைடை அலுமினியத்தோடு இணைத்து, நீரிலேயே பெப்டைடில் பொருத்தும் முறை 2009இல் வெளிவந்தது. வினை எளிதானால் தயாரிக்கும் நேரம் மிச்சமாகும். 110 நிமிடக் கணக்கில் மிச்சமாகும் ஒவ்வொரு கால்மணி நேரமும் மருந்து ஊர்தி மேலும் சில கிலோமீட்டர் ஓடுவதற்கான நேரம். தில்லியின் புள்ளிவிவரங்களுக்குள் அடங்காத விஷயம் இது.

அடங்காததற்குக் காரணமும் உண்டு. அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது, மருத்துவமனை சுகாதார அமைச்சகத்திடம் உள்ளது, இறக்குமதி வரியோ நிதியமைச்சகத்திடம். ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால் அதில் மூன்றில் ஒரு பகுதிக்கே விடை வரும். மீதி 'எங்கள் அமைச்சகத்துக்கு உரியதன்று' என்று திரும்பும். துணைக் கேள்வி கேட்க வேண்டியவர்களும் தத்தம் தொகுதிக்கு ஒரு கருவி கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். தமிழக உறுப்பினர்களும் இதற்கு விலக்கல்லர்.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய் கட்டமைப்பு, உறுப்பு மருத்துவமனைகளுக்காகப் புற்றுநோய் மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. வினைக்குத் தேவையான மூலப் பொருள்களையும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தயாரிப்புக் குழாய்த் தொகுப்புகளையும் அதே வழியில் வாங்கலாம். கனநீர் வாரியத்தின் மணுகூரு ஆலை ஆக்சிஜன்-18 நீரையும் தயாரிக்க முனைந்துள்ளது. நீருக்கு உள்நாட்டில் வழி பிறக்கும்போது, அதை மருந்தாக்கும் கதிரியக்க வேதியியலாளர்களை ஆண்டுக்கு எத்தனை பேர் என்ற கணக்கில் நாடு உருவாக்குகிறது? அடுத்த கூட்டத்தொடரில் பிரதமர் அலுவலகத்தின் இணையமைச்சரிடம் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம்.